ஒரு நாளைக்கு இருபது அங்குலம்

நடந்ததெல்லாம் எனக்குச் சரியாக நினைவிருக்கிறது என்று சத்தியம் பண்ண மாட்டேன். அந்தக் கப் பச்சையா நீலமா என்று கேட்டால் இன்றைக்கும் தடுமாறுவேன். கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் மனசு எந்த வருடத்தில் ஒன்றாகக் கலந்தது என்று தெரியவில்லை. ஆனால் டேப் மஞ்சள். அதில் சந்தேகமே இல்லை. தையல் மெஷினுக்கு மேலே சுவரில் ஓர் ஆணி, ஆணியில் இருபது அங்குலத்துக்கு வெட்டிய மஞ்சள் டேப், டேப்பில் துணி காயப்போடும் கிளிப் ஒன்று. மற்றதெல்லாம் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவளை அந்தத் தெருவில் டெய்லரக்கா என்றார்கள். அவள் கணவருக்குப் பன்னிரண்டாயிரம் என்று பெயர். அவர் ஓட்டிய தண்ணீர் லாரி பன்னிரண்டாயிரம் லிட்டர் பிடிக்கும். குழாய் வராத தெருக்களுக்கெல்லாம் முப்பது வருடம் அந்த வண்டியில் தண்ணீர் கொண்டுபோனவர். லாரி போயிற்று, வேலை போயிற்று, பெயர் மட்டும் போகவில்லை. ரொட்டிக் கடைக்காரர்கூட, "என்ன பன்னிரண்டாயிரம், சௌக்கியமா?" என்றுதான் கேட்பார்.

அறுபத்தோராவது வயதில் அவருக்குக் கால் வீங்கியது. பிறகு மூச்சு வாங்கியது. இதயம் சோர்ந்துவிட்டது, உடம்பில் சேரும் தண்ணீரை வெளியே தள்ள அதற்குத் தெம்பு போதவில்லை என்றார்கள். ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் வைத்து ஏழு கிலோ தண்ணீரை இறக்கினார்கள். "நல்ல வேளை, வால்வு எங்கே இருக்குன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார் அவர்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் நர்ஸ் இருவரையும் உட்கார வைத்தாள்.

"ஒரு நாளைக்கு ஒரு லிட்டர்தான். தண்ணி, டீ, பால், சூப்பு எல்லாம் சேர்த்து. அதுக்கு மேல ஒரு வாய் கூடாது. தினம் காலைல எடை பாருங்க. இப்ப அறுபத்திரெண்டு கிலோ. ரெண்டு கிலோ ஏறினா யோசிக்காம கொண்டு வந்திடணும்."

"ஒரு லிட்டரா?" அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏம்மா, குழாயை மூடினப்புறம் என் வண்டியில சொட்டுமே, அதுவே ஒரு லிட்டர் இருக்கும்."

"அளவுக்கு மிஞ்சினா அமிர்தமும் நஞ்சு, தெரியுமில்ல?"

"அப்ப அளவாக் குடிச்சா நஞ்சு அமிர்தமாயிடுமா?"

நர்ஸ் டெய்லரக்காவைப் பார்த்தாள். இந்த ஆளிடம் பேசிப் பயனில்லை, பொறுப்பு உன்னுடையது என்ற பார்வை. மேசை டிராயரிலிருந்து ஒடிசலான பிளாஸ்டிக் கிளாஸ் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். "இதுல நிறைய ஊத்தினா இருநூறு மில்லி. ஒரு நாளைக்கு இந்த மாதிரி அஞ்சு. கணக்கு அவ்வளவுதான்."

டெய்லரக்காவுக்கு மில்லி என்றால் எதுவும் மனசில் வரவில்லை. அவள் வாழ்க்கையில் எல்லாமே அங்குலம். மனிதர்களையே அவள் அங்குலமாகத்தான் நினைவு வைத்திருந்தாள். முகம் மறந்துபோன வாடிக்கைக்காரியின் தோள் அளவு மறக்காது. வீட்டுக்கு வந்ததும் கிளாஸை மேசைமேல் வைத்து டேப்பை உள்ளே விட்டுப் பார்த்தாள். நாலு அங்குலம். நாலு அங்குலம் இருநூறு என்றால் ஓர் அங்குலம் ஐம்பது. அஞ்சு கிளாஸுக்கு இருபது அங்குலம். அவர் ஒரு நாளைக்குக் குடிக்கக்கூடியது இருபது அங்குலம்! இப்போது புரிந்தது. இருபது அங்குலம் என்றால் ஒரு பாவாடைக்குக்கூடப் போதாது. பழைய டேப் ஒன்றை இருபதில் வெட்டி ஆணியில் தொங்கவிட்டாள். அவர் குடிக்கக் குடிக்கக் கிளிப் கீழே இறங்கும். கிளிப் அடியைத் தொட்டால் அன்றைய தண்ணீர் தீர்ந்தது.

அவர் நாற்காலியில் சாய்ந்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விரல்விட்டு ஏதோ எண்ணினார்.

"என் வண்டி ஒரு லோடு இருக்கே, அது இப்ப எனக்கு எத்தனை நாளைக்கு வரும் தெரியுமா? முப்பத்திரெண்டு வருஷம், பத்து மாசம்."

அவள் மெஷின் முன்னால் போய் உட்கார்ந்தாள். மனுஷன் முப்பத்திரெண்டு வருடம் இருந்தால் போதாதா என்று நினைத்துக்கொண்டாள். அதைச் சொல்லியிருக்கலாம். அவர்கள் வீட்டில் சொல்லாமல் விட்ட பேச்சு நிறைய. அதற்குப் பதில் மெஷின் ஓடும்.

வம்பு இரண்டாம் நாள் காலையிலேயே தொடங்கியது. சூடான டீயை ஊற்றியதும் பிளாஸ்டிக் கிளாஸின் விளிம்பு ஒரு பக்கமாக வாயைக் கோணியது. "பாரு, அதுக்கே குடிக்கப் பிடிக்கல" என்றார் அவர். "இருபது வருஷமா நான் டீ குடிச்ச கப்புல குடு. இல்லேன்னா டீயே வேணாம்."

அந்தக் கப் அகலமான பீங்கான் கப். லாரியின் முன்பெட்டியில் இருபது வருடம் உருண்டு, காதில் மட்டும் ஒரு சில்லு போய்ப் பிழைத்திருந்தது. அவள் அதை மேசையில் வைத்து டேப்பை விட்டாள். விளிம்பிலிருந்து அடிவரை மூன்று அங்குலம். கிளாஸைவிடக் குட்டை. அவளுக்கு நிம்மதி. "மூணுதான். தாராளமா குடிங்க." டீயை நிறைய ஊற்றிக் கொடுத்துவிட்டு, கிளிப்பை மூன்று இறக்கினாள்.

அவர் கப்பைக் கையில் வாங்கினார். டீயைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தவர், டீயைக் குடித்தார்.

அப்புறம் வீட்டிலிருந்த ஏனத்தையெல்லாம் அவள் அளந்தாள். சூப்புக் கிண்ணம் இரண்டு அங்குலம். பால் குடிக்கும் குவளை மூன்றரை. ஒவ்வொன்றின் அடியிலும் சிவப்பு நகப்பூச்சால் எண்ணை எழுதி வைத்தாள். கோணிய பிளாஸ்டிக் கிளாஸில் பட்டன்களைப் போட்டு மெஷின் பக்கத்தில் வைத்தாள். எல்லாம் ஒழுங்காக, தைத்து முடித்த துணியை மடித்து வைத்ததுபோல் இருந்தது. அன்று மத்தியானம் அவள் வாய்க்குள் ஏதோ பாட்டு முணுமுணுத்ததாகக் கேள்வி.

எடைக் கருவி மட்டும் இந்த ஒழுங்குக்குள் வரவில்லை. மூன்றாம் நாள் அறுபத்திரெண்டரை. ஐந்தாம் நாள் அறுபத்திமூன்று. ஏழாம் நாள் அறுபத்திமூன்றரை. அவர் சாக்ஸைக் கழற்றினால் கணுக்காலில் அதன் விளிம்பு பள்ளமாகப் பதிந்திருந்தது.

"தண்ணி குடிச்சீங்களா?"

"நீ குடுத்ததைக் குடிச்சேன்."

"நான் கேக்கறது நான் குடுக்காததை."

"நீ குடுக்காதது என் தொண்டைக்குள்ள எப்படி இறங்கும்?"

பதிலில் ஒளிவு எதுவும் இல்லை. ஆனால் சொல்லும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சுவரில் தொங்கிய டேப்பைப் பார்த்தார். நாற்பது வருடம் கூட இருந்தவளுக்கு அது போதாதா? குளியலறைக் குழாய்தான் என்று முடிவு கட்டினாள். முகம் கழுவுகிற சாக்கில் நாலு வாய். முப்பது வருடம் தண்ணீரோடு இருந்த மனுஷன், தண்ணீரைக் கண்டால் சும்மா இருப்பாரா?

அன்றிலிருந்து அவள் கண்கொத்திப் பாம்பானாள். அவர் குளியலறைக்குப் போனால் மெஷின் நிற்கும். குழாய்ச் சத்தம் எத்தனை நொடி என்று எண்ணுவாள். அவர் வெளியே வந்து, "என்ன, கரண்டு போயிடுச்சா?" என்று கேட்பார். அவள் மறுபடி மிதிப்பாள். எட்டாம் நாள் அதுவும் போதாமல், குழாய்ப் பிடியைச் சுற்றி வெள்ளை நூலால் ஒரு முடிச்சுப் போட்டாள். பட்டன் தைத்து முடிக்கும்போது அவள் போடும் முடிச்சு அது. அவிழ்த்தால் மறுபடி அப்படியே போட வேறு யாராலும் முடியாது. அவர் கழுவிக்கொள்ள வாளியில் தண்ணீர் பிடித்து வைத்தாள். அந்தத் தண்ணீரில் சோப்புத் தூளைக் கலக்கவும் மறக்கவில்லை.

ஒன்பதாம் நாள் காலையில் முடிச்சு அப்படியே இருந்தது. எடைக் கருவி அறுபத்திமூன்று எண்ணூறு என்றது.

அவள் குனிந்து எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் கருவியிலிருந்து இறங்கவில்லை. இருநூறு கிராம். இன்னும் இருநூறு கிராம் ஏறினால் ஆஸ்பத்திரி, அந்த ஊசி, அந்தக் கட்டில், அந்த வராந்தாவில் இரும்பு நாற்காலி. போன தடவை டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "அடுத்த தடவை இவ்வளவு சுலபமா இறக்க முடியாது" என்று சொல்லியிருந்தார். அதை அவள் அவரிடம் சொல்லவில்லை.

"நூலு நல்லா இருக்கு" என்றார் அவர், மேலே நின்றபடியே.

அவளுக்குக் காது சுட்டது. அவர் இறங்கி, சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, ஜன்னலோரம் போய் உட்கார்ந்தார். காலை டீயை வாங்கினார், குடித்தார், கப்பைத் தரையில் வைத்தார். நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை, சர்க்கரை பத்தாது என்றும் சொல்லவில்லை. சண்டை போட்டிருந்தால் தேவலை. அந்த வீட்டு மௌனங்களுக்குள் அவளுக்கு வித்தியாசம் தெரியும். வேலைக்களைப்பு மௌனம் ஒன்று, தூக்கம் வருமுன் வருகிற மௌனம் ஒன்று. இது கதவைச் சாத்திக்கொண்ட மௌனம்.

பத்து மணிக்கு அக்காளும் தங்கையுமாக இரண்டு பேர் துணி தைக்க வந்தார்கள். அக்காளின் கணவர் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். இருவரும் ஒரே உயரம். ஆனால் தங்கை ஊதினால் பறப்பாள், அக்காள் வாசலை நிறைத்துக்கொண்டு நுழைந்தாள்.

"ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி கவுன்" என்று கணவர் துணியை விரித்தார். இரண்டும் ஒரே நீளத்தில் வெட்டியிருந்தன.

டெய்லரக்கா சாணால் அளந்து பார்த்தாள். "இது தங்கச்சிக்குச் சரி. உங்க வீட்டம்மாவுக்குப் பத்தாதே."

"ஏன் பத்தாது? ரெண்டு பேரும் ஒரே உயரம்தானே? நிக்க வச்சுப் பாத்துட்டுத்தான் வாங்கினேன்."

"கேட்டுக்கங்க" என்றாள் அக்காள் இடுப்பில் கைவைத்து. "இருபது வருஷமா இவரு என்னைப் பாத்த லட்சணம் இது."

"என்னங்க நீங்க, உயரத்தைப் பாத்தா துணி எடுக்கிறது? சுத்தளவு இல்ல துணியைத் தின்னுது!" டெய்லரக்கா சிரித்தபடி டேப்பை அக்காளின் இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்தாள். "உயரம் ஒண்ணா இருந்தா ஆச்சா? இவங்க சுத்தளவுக்கு..."

டேப் அவள் கையில் நின்றுவிட்டது.

"என்னக்கா, டேப்பு எட்டலையா?" என்றாள் தங்கை. யாரோ சிரித்தார்கள். டெய்லரக்காவுக்குக் கேட்கவில்லை. அவள் பார்வை ஜன்னலோரத்தில் தரையில் இருந்த கப்பின் மேல் விழுந்திருந்தது. குட்டையான, அகலமான, தொந்தி போட்ட கப். மெஷின் பக்கத்தில் பட்டன்களோடு அந்த ஒடிசலான கிளாஸ்.

"நாளைக்கு வாங்க" என்றாள். "துணியை வச்சிட்டுப் போங்க. கோவிச்சுக்காதீங்க, நாளைக்கு வாங்க."

அவர்கள் போனதும் கிளாஸிலிருந்த பட்டன்களை மேசையில் கவிழ்த்தாள். நாலைந்து உருண்டு தரையில் ஓடின. கப்பை எடுத்துப்போய்க் கழுவி, விளிம்புவரை தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தாள். கிளாஸில் மூன்று அங்குலத்துக்கு நகத்தால் ஒரு கீறல் போட்டு, கப்பிலிருந்து ஊற்றினாள். கீறலைத் தொட்டது தண்ணீர். கப்பில் பாதி அப்படியே இருந்தது. கிளாஸிலிருந்த தண்ணீரை ஜன்னலுக்கு வெளியே கொட்டிவிட்டு, மீதியை ஊற்றினாள். மறுபடியும் கீறல்வரை வந்து நின்றது.

மூன்று இல்லை. ஆறு. காலையில் ஆறு, சாயங்காலம் ஆறு. சூப்புக் கிண்ணத்தை ஊற்றிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. எட்டு நாளாக இந்தக் கையாலேயே, அளந்து அளந்து, கிளிப்பை இறக்கி இறக்கி, அவர் நெஞ்சுக்குள் தண்ணீரை ஏற்றியிருக்கிறாள். குழாய்க்கு முடிச்சு வேறு!

அவள் அவர் நாற்காலிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். கிளாஸையும் கப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

அவர் இரண்டையும் பார்த்தார். பிறகு, "டேங்க்கு உருண்டை" என்றார்.

"என்னது?"

"என் வண்டி டேங்க்கு. படுக்கப் போட்ட பீப்பா மாதிரி. மேல மூடியைத் திறந்து குச்சியை விட்டு, எத்தனை அங்குலம் நனைஞ்சிருக்குன்னு பாப்போம். ஆனா அங்குலத்தை வச்சு லிட்டர் சொல்ல முடியாது. அடியில இருக்கற அங்குலம் ஒல்லி. மேல இருக்கறதும் ஒல்லி. நடு அங்குலம் குண்டு. அதுக்குன்னு ஒரு அட்டை இருக்கும், அதைப் பாத்துத்தான் சொல்லணும். புதுசா வர்ற டிரைவருங்க எல்லாரும் மொதல்ல உன்னை மாதிரிதான் ஏமாறுவாங்க."

அவளுக்கு அது மெல்லத்தான் உறைத்தது.

"அப்ப உங்களுக்குத் தெரியும்."

அவர் டேப்பைப் பார்த்தார்.

"எப்பலேருந்து?"

"கையில வாங்கினதுமே. கனத்தைப் பாத்தா தெரியாதா?"

"தெரிஞ்சே குடிச்சீங்களா!"

"நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன்." அவர் வேட்டை நாய் பிடித்த முயல்போல் விழித்தார். "நாளைக்கும் டீ வந்துது. நீ வேற எல்லாத்துக்கும் அடியில சிவப்பா நம்பர் எழுதிட்டு, அவ்வளவு சந்தோஷமா இருந்த. இவகிட்ட போய் தப்புன்னு எப்படிச் சொல்றதுன்னு... சரி, பொய் எதுக்கு. டீதான். டீ விட மனசு வரல."

"எடை ஏறுதே, அப்பவாவது?"

"சொல்லத்தான் போனேன். அன்னிக்குக் குழாயில நூலைப் பாத்தேன்." குரல் கொஞ்சம் மாறியது. "முப்பது வருஷம் ஊருக்கே தண்ணி குடுத்தவன். ஒரு சொட்டு திருடினான்னு ஒருத்தன் சொன்னதில்ல. என் வீட்டுக் குழாய்க்கு என் பொண்டாட்டி பூட்டுப் போடறா. அப்புறம் எதுக்குச் சொல்லணும்?"

"உசிரு போற விஷயத்துல ரோஷமா? செத்துப்போய் என்கிட்ட ஜெயிச்சுக் காட்டப் போறீங்களா?"

"அவ்வளவு தூரம் யோசிக்கல" என்றார் அவர் சின்னக் குரலில்.

அவள் அழுதாளா என்று எனக்குத் தெரியாது. அவள் அழவில்லை என்பாள். அவர், தரையில் உருண்ட பட்டன்களைத் தேடுகிற சாக்கில் மெஷினுக்கு அடியில் வெகுநேரம் தலையை வைத்திருந்தாள் என்பார். வெளியே வந்தபோது முதல் காரியமாகக் குளியலறைக்குப் போய்ப் பல்லாலேயே அந்த முடிச்சைக் கடித்து அறுத்தாள். பிறகு, "கிளம்புங்க" என்றாள்.

"இன்னும் ரெண்டு கிலோ ஆகலையே. இருநூறு கிராம் பாக்கி இருக்கு."

"கிளம்புங்கன்னா கிளம்புங்க."

ஆஸ்பத்திரியில் அவரைப் படுக்க வைக்கவில்லை. நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்றார்கள். ஒரு ஊசி போட்டு, மாத்திரையைக் கூட்டிக் கொடுத்து, சாயங்காலம்வரை உட்கார வைத்து அனுப்பினார்கள். டெய்லரக்கா நடந்ததை ஒளிக்காமல் நர்ஸிடம் சொன்னாள். நர்ஸ் சிரிப்பை அடக்க வாயைப் பொத்தினாள். பிறகு அவரைப் பார்த்து முறைத்தாள். "அவங்க தெரியாம ஊத்தினாங்க. நீங்க தெரிஞ்சு குடிச்சீங்க. உங்களுக்குத்தான் ரெண்டு ஊசி போட்டிருக்கணும்."

மறுநாள் அவர்கள் வீட்டுச் சாமான்களை மறுபடி அளந்தார்கள், இந்தத் தடவை ஊற்றி ஊற்றி. அவள் ஊற்றினாள், அவர் எண்ணினார். அங்குலம் என்ற பெயரை மட்டும் அவள் விடவில்லை. கிளாஸில் ஓர் அங்குலம் எவ்வளவோ அதுதான் இனி எங்கும் ஓர் அங்குலம். மேல் ஓட்டை மட்டும் உடைத்த முட்டை ஓடு ஓர் அங்குலம். குழம்புக் கரண்டி இரண்டு. சூப்புக் கிண்ணம் ஐந்து என்று தெரிந்தபோது இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருந்தார்கள். தைக்கும்போது அவள் விரலில் மாட்டும் இரும்புத் தொப்பியைக்கூட அவர் விடவில்லை. இருபது தொப்பி ஊற்றினால் ஓர் அங்குலம் வந்தது.

"அப்ப ஒரு நாளைக்கு நானூறு தொப்பி" என்றார். "கேக்கவே பெருசா இருக்கு. இனிமே யாராவது கேட்டா நானூறுன்னே சொல்லு."

"வாயைத் திறங்க."

"எதுக்கு?"

"உங்க ஒரு வாய் எவ்வளவுன்னு பாக்கணும். வாய் நிறைய எடுத்து இதுல துப்புங்க."

துப்பினார். ஓர் அங்குலத்தைத் தாண்டிப் போயிற்று. அவள் தன் வாயையும் அளந்து பார்த்தாள், முக்கால்கூட வரவில்லை.

"பாத்தியா" என்றார் அவர். "நாற்பது வருஷமா நீதான் அதிகம் பேசறேன்னு நினைச்சேன். இவ்வளவு சின்ன வாயை வச்சுக்கிட்டா?"

அவள் ஈரக் கையாலேயே அவர் தோளில் ஒன்று வைத்தாள். பிறகு, டாக்டர் தன்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னதை அவரிடம் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார். கிளாஸை அவள் பக்கம் நகர்த்தி, "அடுத்ததை ஊத்து" என்றார்.

டீக்கு இனி அந்தக் கப் வேண்டாம் என்று அவரே எடுத்து வைத்தார். இரண்டு நாள் கழித்து அவளே அதில் டீ கொடுத்தாள், பாதிக் கப். பாதிக் கோட்டைச் சிவப்பு நகப்பூச்சால் உள்பக்கம் சுற்றி வரைந்திருந்தாள். கிளிப்பை மூன்று இறக்கினாள். அவர் பாதிக் கப்பைப் பார்த்தார். "சரி, மீதிப் பாதியில காத்து இருக்கு. அதுக்கு அளவு கிடையாதில்ல?" என்று கேட்டுவிட்டுக் குடித்தார்.

அதற்குப் பிறகு அவர் ஏழு வருடம் இருந்தார். அவர் வண்டியின் ஒரு லோடில் கால்வாசிகூடக் குடித்து முடிக்கவில்லை. ஒரு மத்தியானம் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தபடியே போனார்; அன்று கிளிப் ஒன்பதில் இருந்தது. நர்ஸ் வேறு ஆஸ்பத்திரிக்கு மாறிப்போனாள். வீட்டுக்கு அனுப்பும் நோயாளிகளிடம், எந்தக் கப்பில் குடிப்பீர்கள், அதைக் கொண்டுவந்து காட்டுங்கள் என்று கேட்பது இப்போது அவள் வழக்கம். அக்காளும் தங்கையும் இன்றும் டெய்லரக்காவிடம்தான் தைக்கிறார்கள். துணி எடுக்கும் வேலையை அக்காள் தன் கணவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டாள். கப் சமையலறை அலமாரியில் இருக்கிறது. டெய்லரக்கா இப்போது கண்ணாடி போட்டுக்கொண்டுதான் ஊசியில் நூல் கோக்கிறாள். அந்த இருபது அங்குல டேப்பை ஆணியிலிருந்து எடுத்து மெஷின் டிராயரில் வைத்திருக்கிறாள். சின்னக் குழந்தைகளின் சட்டைக்கு அளவெடுக்க அது போதும்.